மேற்கு சிட்னியில் பழைய ஃபைப்ரோ வீடு வாங்கலாமா? முழுமையான வழிகாட்டி

டூங்காபி, பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில், பிளாக்டவுன் பக்கம் வீடு தேடுகிறவர்கள் ஒரு சனிக்கிழமையாவது இப்படி ஒரு வீட்டின் முன் நின்றிருப்பார்கள்: தாழ்வான ஓட்டுக் கூரை, வெளிர் நிறம் அடித்த தட்டையான மெல்லிய சுவர், சின்ன அறைகள், பின்னால் தாராளமான மனை. ரயில் நிலையம் பக்கம், கடைத்தெரு பக்கம். எல்லாம் பிடித்துப்போய் ஏஜென்டிடம் பேசப் போகும்போது கூட வந்தவர் காதைக் கடிப்பார்: "இது ஃபைப்ரோ வீடு. ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், பார்த்துக்கங்க." சிமென்டோடு கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழை கலந்து செய்த மெல்லிய தகட்டைத்தான் ஃபைப்ரோ என்கிறார்கள்.

அதற்கப்புறம் நம்மவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழேதான் வளர்ந்தோம், என்ன ஆகிவிட்டது?" என்பது ஒரு கட்சி. "குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்" என்பது இன்னொன்று. இந்த இரண்டை வைத்தும் ஒரு வீட்டை வாங்கவும் முடியாது, விடவும் முடியாது. பழைய ஃபைப்ரோ வீடென்றால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அந்த வீட்டை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள், அதற்கு என்ன செலவாகும், அந்தச் செலவுக்கு விலையில் இடம் இருக்கிறதா என்ற வரிசையில் யோசித்தால் விடை தானாக வரும். கீழே வருவதெல்லாம் அந்த வரிசைதான். விதிகள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கு உரியவை; கான்பராவிலோ மெல்பர்னிலோ வாங்குகிறவர்கள் அங்குள்ள விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இந்த வீடுகள் ஏன் இங்கே இவ்வளவு?

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது சிட்னியில் வீட்டுக்கும் பஞ்சம், செங்கல்லுக்கும் பஞ்சம். சிமென்டோடு கல்நார் இழையைக் கலந்து அழுத்திய தகடு மலிவாகக் கிடைத்தது. மரச் சட்டத்தில் ஆணி அடித்தால் சுவர் தயார்; கொத்தனார் தேவையில்லை. அரசின் வீட்டு வசதி ஆணையம் கட்டிய குடியிருப்புகளிலும் தனியார் கட்டிய வீடுகளிலும் மேற்கு சிட்னி முழுக்க இந்தத் தகடு பரவியது. அதைச் செய்த ஜேம்ஸ் ஹார்டி நிறுவனத்தின் பெரிய ஆலை பாராமட்டாவை ஒட்டிய கமேலியாவில்தான் இருந்தது. ஆலைக் கழிவைக் கொண்டுபோய்ச் சுற்றுவட்டாரத்துப் பள்ள நிலங்களை நிரப்பினார்கள். மண்ணைப் பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

1980களில் கட்டடத் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ப்பது படிப்படியாக நின்றது. 2003 டிசம்பர் 31 முதல் ஆஸ்திரேலியா முழுவதும் எந்த வகை ஆஸ்பெஸ்டாஸுக்கும் தடை. நடைமுறைக் கணக்கு இதுதான்: 1990க்கு முன் கட்டியதோ புதுப்பித்ததோ என்றால் எங்காவது இருக்கும், 1990களில் கட்டியதில் இருக்க வாய்ப்பு குறைவு. ஆஸ்திரேலிய வீடுகளில் மூன்றில் ஒன்றில் ஏதோ ஒரு வடிவில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு என்று அரசே சொல்கிறது. செங்கல் வீடுகளும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

படி 1: வீட்டை என்ன செய்யப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியது இது. மூன்று வழிகள் உண்டு.

இருக்கிறபடியே குடிபோவது. சுவர் நல்ல நிலையில் இருந்து, பெயின்ட் உரியாமல், யாரும் துளை போடாமல் இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

இடித்துக் கட்டுவது. மேற்கு சிட்னியில் ஃபைப்ரோ வீடு வாங்குகிற பலரின் திட்டம் இது. இங்கே ஆஸ்பெஸ்டாஸ் என்பது இடிப்புக் கூலியில் ஏறுகிற ஒரு தொகை. இடிக்கும் முன் உரிமம் பெற்ற குழு வந்து தகடுகளைக் கழற்றி எடுத்துவிடும், அதன் பிறகே இயந்திரம் உள்ளே வரும்.

நடுவழி, அதாவது குடியிருந்துகொண்டே குளியலறையை மாற்றுவது, சமையலறையை இடித்துப் பெரிதாக்குவது, பின்பக்கம் ஓர் அறை இழுப்பது. பணத்திலும் ஆபத்திலும் மோசமான வழி இதுதான் என்பது என் கருத்து. ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு தடவை தகடு உடைபடும், ஒவ்வொரு தடவையும் அகற்றும் குழுவுக்குக் கூலி, நடுவில் "இந்தச் சின்ன வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சுத்தியலைத் தூக்கும் ஆசை. இந்த வழியில்தான் போகப் போகிறீர்கள் என்றால், எல்லா அகற்றலையும் குடிபோவதற்கு முன் ஒரே மூச்சில் முடிக்கப் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு வீடு பார்ப்பது நல்லது.

படி 2: ஆபத்து எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

நோயைத் தருவது காற்றில் மிதக்கிற நுண்ணிய இழை. சுவரைத் தொடுவதாலோ அதன் மேல் சாய்வதாலோ ஒன்றும் ஆகாது. தகட்டை அறுக்கும்போது, துளையிடும்போது, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது, உடைக்கும்போது இழை வெளியே வருகிறது. மூச்சில் போனால் நுரையீரலிலும் அதைச் சுற்றிய சவ்விலும் தங்கிவிடும். மீசோதீலியோமா என்ற புற்றுநோய் அதனால் வருவது. வெளியே தெரிய இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் வரை ஆகலாம். ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்குச் சுமார் 700 பேருக்கு இது கண்டுபிடிக்கப்படுகிறது.

முதலில் பாதிக்கப்பட்டவர்கள் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள். கமேலியாவில் வேலை பார்த்த பெர்னி பான்டன் அவர்களில் ஒருவர். இழப்பீட்டுக்காக ஆக்சிஜன் குழாயோடு போராடி 2007 நவம்பரில் இறந்தார். அடுத்து தச்சர்கள், மின் பணியாளர்கள். அதற்கும் அடுத்து, வார விடுமுறையில் தங்கள் வீட்டைத் தாங்களே புதுப்பித்தவர்கள். வீடு வாங்கப் போகிற நாம் சேரக்கூடிய வரிசை அந்தக் கடைசி வரிசைதான்.

அப்போ ஊரில் ஷீட்டுக்குக் கீழே வளர்ந்தோமே? உடையாத சிமென்ட் தகடு இழையை அவ்வளவாக வெளிவிடாது என்பது அங்கும் உண்மை, இங்கும் உண்மை. அதே சமயம், நாற்பது ஆண்டு கழித்து வருகிற நோயை "எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று முப்பது வயதில் அளக்க முடியாது. இந்தியாவிலும் இலங்கையிலும் அந்த ஷீட் இன்றும் கடையில் விற்பதால் அது பாதுகாப்பானது என்றும் ஆகிவிடாது.

ஆஸ்பெஸ்டாஸில் இரண்டு வகை இருப்பதை மட்டும் மறக்காதீர்கள். சிமென்டில் இறுகியது ஒன்று. சுவர்த் தகடு, கூரைத் தகடு, வேலி எல்லாம் அந்த வகை. கையால் நசுக்கினாலே பொடியாவது இன்னொன்று. இந்த இரண்டாவது வகை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வாங்குபவரின் முக்கிய வேலை. வெளிச்சுவரைப் பார்த்துப் பயந்துகொண்டே இருப்பவர்கள் பெரும்பாலும் காலடியில் இருப்பதைக் கவனிப்பதில்லை.

படி 3: அரை மணி நேர இன்ஸ்பெக்‌ஷனில் எங்கெல்லாம் பார்ப்பது

கண்ணால் பார்த்து ஆஸ்பெஸ்டாஸ் என்று உறுதி செய்ய யாராலும் முடியாது. ஆனால் சந்தேகப்பட வேண்டிய இடங்களைக் குறித்துக்கொள்ள முடியும். கைபேசியில் படம் எடுங்கள். எதையும் சுரண்டாதீர்கள், உடைக்காதீர்கள்.

வெளிச்சுவரில் தகடும் தகடும் சேரும் இடத்தை மறைத்து ஒல்லியான பட்டை ஓடுகிறதா? பழைய ஃபைப்ரோவின் பொதுவான அடையாளம் அது. மூலைகளில் விரிசல், ஆணியைச் சுற்றி உடைந்த துண்டு, ஏசி மாட்ட வெட்டிய ஓட்டை, நாய்க்கதவு வைக்கப் போட்ட ஓட்டை இவற்றையெல்லாம் எண்ணுங்கள். சுவர் செங்கல்லாகவோ பிளாஸ்டிக் பலகையாகவோ தெரிந்தாலும் நம்பிவிட வேண்டாம். ஃபைப்ரோ சுவரை அப்படியே விட்டு மேலே இன்னொரு தோல் போர்த்திய வீடுகள் இங்கே நிறைய. கூரை விளிம்பின் அடிப்பகுதி, தரைக்குக் கீழே எட்டிப் பார்க்கும் இடம், துணி துவைக்கும் அறையின் பின்சுவர் ஆகிய மூன்றும் பழைய முகத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கூரை ஓடாக இருந்தால் பரவாயில்லை. அலையலையான சிமென்ட் தகடாக இருந்தால் நிலைமை வேறு. பல பத்தாண்டு மழையும் வெயிலும் மேற்பரப்பைக் கரைத்திருக்கும். இழை மழைநீர் வடிகாலில் சேறாகப் படிந்திருக்கும். அதன் மேல் ஏறி நடப்பதும் ஆபத்து, உடைந்து கீழே விழுந்தவர்கள் உண்டு. உயர் அழுத்தத் தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்வது சட்டப்படி தடை. "கூரையை நல்லா வாட்டர் பிளாஸ்ட் பண்ணிப் பெயின்ட் அடிச்சிருக்கோம்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அந்த வீட்டுத் தோட்ட மண்ணை நினைத்துக் கவலைப்படுங்கள்.

உள்ளே, குளியலறையிலும் சமையலறையிலும் டைல்ஸுக்குப் பின்னால் இருக்கிற தகடு. பளபளப்பான பழைய சுவர்த் தகடுகளும் அப்படித்தான்.

தரை. இங்கே கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். 1980களின் நடுப்பகுதி வரை போட்ட சில வினைல் விரிப்புகளுக்கு அடியில் காகிதம் போன்ற ஓர் அடுக்கு இருக்கும். அது ஏறக்குறைய முழுக்க ஆஸ்பெஸ்டாஸாகவே இருக்கலாம். பொடியாகும் வகை. விரிப்பை இழுத்துக் கிழித்தால் அறை முழுக்கப் பரவும். மேலே புதுசாக மிதக்கும் மரத்தரை (ஒட்டாமல் மேலே விரிக்கிற பலகை) போட்டிருந்தால் அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அலமாரிக்குள், ஃபிரிட்ஜுக்கு அடியில், கதவு வாசற்படியில் பழைய விளிம்பு தெரியும்.

மின்சாரப் பெட்டியைத் திறந்தால் உள்ளே கறுப்புப் பலகை இருக்கிறதா? பழைய பலகைகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. மீட்டர் மாற்ற வருகிறவர் அதைப் பார்த்ததும் வேலையை நிறுத்திவிட்டுப் பலகையை மாற்றச் சொல்வார், செலவு உங்களுடையது.

கடைசியாக வெளியே: கார் கொட்டகை, பின்பக்கக் கழிப்பறை, வேலி, அப்புறம் மண். வேலி ஓரம், கொட்டகைக்குப் பின்னால், வீட்டின் அடியில் சாம்பல் நிறத் தகட்டுத் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றனவா? பழைய தகடுகளைப் பின்பக்கம் புதைத்துவிடுவது ஒரு காலத்தில் சாதாரணம். கமேலியாவிலிருந்து வந்த கழிவு நிரப்பிய நிலங்களும் இந்தப் பக்கத்தில்தான் உண்டு. சுவரில் இருக்கிற தகட்டை எண்ணிவிடலாம். மண்ணுக்குள் இருப்பதை எண்ண முடியாது. அதனால்தான் எனக்குச் சுவரைவிட மண் மேல் பயம் அதிகம்.

செங்கல் வீடு வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: 1970களில் கட்டிய செங்கல் வீட்டிலும் கூரை விளிம்பு, குளியலறைச் சுவர், வினைல் தரை மூன்றிலும் இதே பொருள் இருக்கலாம். ஃபைப்ரோ வீட்டுக்காரராவது எச்சரிக்கையாக இருப்பார். செங்கல் வீட்டுக்காரர் குளியலறையைச் சுத்தியலால் உடைத்துவிட்டுத்தான் யோசிப்பார்.

படி 4: காகிதங்கள்

நியூ சவுத் வேல்ஸில் விற்பனை ஒப்பந்தத்தோடு கவுன்சில் தருகிற 10.7 சான்றிதழ் இணைந்திருக்க வேண்டும். கூரைக்குள் தளர்வான ஆஸ்பெஸ்டாஸ் கொட்டிய வீடுகளின் அரசுப் பதிவேட்டில் இந்த வீடு இருக்கிறதா என்பதை அது சொல்லும். 1968 முதல் 1979 வரை கான்பராவில் ஒருவர் வீடுகளின் கூரைக்குள் வெப்பத் தடுப்பாகத் தூய ஆஸ்பெஸ்டாஸைப் பஞ்சு போல ஊதி நிரப்பினார். "மிஸ்டர் ஃபிளஃபி" என்ற பெயரில் அது நாடறிந்த விவகாரமானது. கான்பராவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சிக்கின. அரசே அவற்றை வாங்கி இடிக்கும் நிலை வந்தது. குவீன்பியான் பக்கம் பல வீடுகள், சிட்னியிலும் சில. இந்தப் பதிவேட்டில் ஒரு வீடு இருந்தால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள்.

பதிவேட்டில் இருப்பதை ஏஜென்ட் தானாகவே வாங்குபவரிடம் சொல்ல வேண்டும் என்பது சட்டம். சாதாரண ஃபைப்ரோ சுவருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆகவே கேட்பது உங்கள் பொறுப்பு. எழுத்தில், மின்னஞ்சலில் கேளுங்கள்: ஆஸ்பெஸ்டாஸ் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா? முன்பு ஏதாவது அகற்றப்பட்டதா? அகற்றியிருந்தால், வேலை முடிந்தபின் இடம் சுத்தம் என்று தந்த சான்றிதழும் குப்பைக் கிடங்கு ரசீதும் இருக்கின்றனவா?

கடைசிக் கேள்வி, "புதிதாகப் புதுப்பித்தது" என்று விளம்பரம் செய்த பழைய வீட்டுக்கு மிக முக்கியம். புத்தம் புதுக் குளியலறை இருந்து, பழைய தகடு எங்கே போனது என்பதற்கு ரசீது இல்லை என்றால், அது யாரோ ஒருவர் முகக்கவசம்கூடப் போடாமல் உடைத்து அள்ளிய வேலையாக இருக்கலாம். தூசி கூரைக்குள்ளும் தரைக்கு அடியிலும் இன்னும் இருக்கலாம். தொடாத பழைய குளியலறை இதைவிட மேல்.

படி 5: பரிசோதனை

வழக்கமான கட்டட ஆய்வும் கரையான் ஆய்வும் ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வு ஆகாது. அறிக்கையின் அடியில் "ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நிபுணரைக் கேட்கவும்" என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். தனியாக ஓர் ஆஸ்பெஸ்டாஸ் மதிப்பீட்டாளரை அமர்த்துங்கள். அகற்றும் வேலையும் செய்கிறவராக அவர் இருக்க வேண்டாம். இருந்தால் எல்லாவற்றையும் அகற்றத்தான் சொல்வார்.

மாதிரி எடுக்க உரிமையாளரின் சம்மதம் வேண்டும், ஏனென்றால் வீடு இன்னும் உங்களுடையதில்லை. மாதிரி, ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தருகிற நாட்டா அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குப் போக வேண்டும். பணத்தை வெளிச்சுவர் மாதிரியில் வீணாக்காதீர்கள். 1955இல் கட்டிய ஃபைப்ரோ சுவரில் என்ன இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வினைல் தரையின் அடியடுக்கு, கூரை உள்பக்கத் தூசி, மண்ணில் கிடக்கிற துண்டு, பின்னால் சேர்த்த அறையின் தகடு ஆகியவற்றுக்குச் செலவழியுங்கள். உரிமையாளர் சம்மதிக்கவில்லை என்றால் அந்த இடங்களில் எல்லாம் இருக்கிறது என்றே கணக்குப் போடுங்கள்.

படி 6: கணக்கு

சட்டப்படி, இறுகிய வகையை மொத்தம் 10 சதுர மீட்டர் வரை உரிமம் இல்லாமல் அகற்றலாம். அதற்கு மேல் போனால் பி வகுப்பு உரிமம் உள்ளவர் வேண்டும். பொடியாகும் வகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஏ வகுப்பு உரிமம் வேண்டும். உரிமதாரர் வேலை தொடங்க ஐந்து நாள் முன்பே மாநிலத்தின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான சேஃப்வொர்க்குக்குத் தெரிவிக்க வேண்டும்.

10 சதுர மீட்டர் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். 12 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் உள்ள வீட்டின் சுற்றளவு 42 மீட்டர். சுவர் உயரம் 2.4 மீட்டர் என்றால் பரப்பு நூறு சதுர மீட்டர். ஜன்னல், கதவைக் கழித்தாலும் எண்பத்தைந்து நிற்கும். கூரை விளிம்பு ஓர் இருபத்தைந்து, குளியலறையும் துவைக்கும் அறையும் முப்பது என்று வைத்தால் 140. ஒருவர் சதுர மீட்டருக்கு எண்பது டாலர் கேட்கிறார் என்று வைத்துக்கொண்டால் 11,200 டாலர். எண்பது என்பது கணக்குக்காகச் சொன்னது. நீங்கள் மூன்று பேரிடம் விலை வாங்குங்கள். அதில் சாரம் கட்டுவது, இரட்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றுவது, கிடங்குக் கட்டணம், முடிந்தபின் சான்றிதழ் நான்கும் அடக்கமா என்று கேளுங்கள்.

பலரும் கோட்டை விடுவது அடுத்த வரியில். தகட்டை எடுத்தபின் வீடு எலும்புக்கூடாக நிற்கும். புதுச் சுவர்ப் பலகை, வெப்பத் தடுப்பு, ஜன்னல் ஓரங்கள், பெயின்ட் இவற்றின் செலவு அகற்றும் செலவை எளிதாகத் தாண்டிவிடும். ஆனால் அப்போதுதான் சுவருக்குள் வெப்பத் தடுப்பு வைக்கிற வாய்ப்பும் கிடைக்கிறது. பழைய ஃபைப்ரோ வீடுகளில் பெரும்பாலும் அது கிடையாது. 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி அடித்தது. அந்த மாதிரி ஒரு நாளில் மெல்லிய தகட்டுச் சுவருக்குள் இருந்து பார்த்தால், ஆஸ்பெஸ்டாஸைவிட வெயில்தான் முதலில் உங்களை வீட்டைவிட்டு விரட்டும்.

இனி பேரம். "ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது, முப்பதாயிரம் குறையுங்கள்" என்று கேட்கலாமா? தெருவைப் பாருங்கள். பக்கத்தில் புது மாடி வீடுகள் முளைத்துக்கொண்டிருந்தால், நீங்கள் போட்டியிடுவது இடித்துக் கட்டுகிறவர்களோடு. அவர்கள் கணக்கில் வீட்டுக்கு மதிப்பே இல்லை, மனைக்கு மட்டும்தான் விலை. அங்கே உங்கள் பேரம் எடுபடாது. பழைய வீடுகளில் மக்கள் குடியிருந்துகொண்டிருக்கிற தெருவாக இருந்தால் எடுபடும், அதுவும் கையில் அறிக்கையும் அகற்றும் கூலியின் எழுத்து மதிப்பீடும் இருந்தால்.

காப்பீட்டையும் இப்போதே விசாரியுங்கள். தீயில் இந்தத் தகடு வெடித்துச் சிதறும். தெரு முழுக்கத் துண்டு விழும். அந்தச் சுத்திகரிப்புக்கு எவ்வளவு வரை தருவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் படியுங்கள். பழுதாகித் தானாகவே சிதையும் தகட்டுக்குக் காப்பீடு பணம் தராது. ஃபைப்ரோ என்பதற்காகவே வங்கிக் கடன் நிற்பது வழக்கமில்லை; இருந்தாலும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

வாங்க வேண்டாம் என்று நான் சொல்லும் இடங்கள்: தளர்வான ஆஸ்பெஸ்டாஸ் பதிவேடு, மண்ணில் பரவலாகத் துண்டுகள், பாதியில் நின்ற புதுப்பிப்பு, கைக்குழந்தையோடு குடியிருந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பிக்கிற திட்டம். உடையாத சுவர் மட்டும்தான் பிரச்சினை என்றால் எனக்கு அது தடையில்லை.

படி 7: கையெழுத்து

தனிப்பேரத்தில் வாங்கினால் இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பரிமாறிக்கொண்டபின் ஐந்து வேலை நாள் யோசிக்க நேரம் உண்டு. அதற்குள் விலகினால் விலையில் 0.25 சதவீதம் போகும். பத்து லட்சம் டாலர் வீட்டுக்கு 2,500 டாலர். பரிசோதனைக்கு அந்த ஐந்து நாள் போதும், ஆனால் மதிப்பீட்டாளரை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். 66டபிள்யூ சான்றிதழில் கையெழுத்து வாங்கினால் இந்த நேரம் போய்விடும். ஏஜென்ட் அவசரப்படுத்தினாலும் வீட்டுப் பத்திர வேலை பார்க்கிற கன்வேயன்சரைக் கேட்காமல் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

ஆக்‌ஷனில் இந்த ஐந்து நாள் கிடையாது. சுத்தி விழுந்தால் வீடு உங்களுடையது. எனவே படி 3 முதல் 6 வரை எல்லாம் ஏலத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், அகற்றும் செலவைக் கழித்த உச்ச விலை ஒரு தாளில் எழுதியிருக்க வேண்டும்.

படி 8: வாங்கியபின்

வெளிச்சுவருக்கு நல்ல பெயின்ட் அடித்து வைப்பதே பெரிய பாதுகாப்பு. பழைய பெயின்டைத் தேய்க்கக் கூடாது; கழுவி, அதன் மேலேயே அடிக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். 1970க்கு முந்தைய பெயின்டில் ஈயமும் இருக்கலாம் என்பது தேய்க்காமல் இருக்க இன்னொரு காரணம்.

அறிக்கையின் ஒரு பிரதியை மின்சாரப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். ஏசி மாட்ட, சோலார் போட, இணைய இணைப்புத் தர வருகிற ஒவ்வொருவரிடமும் துளை போடுவதற்கு முன் சொல்லுங்கள். சாமி படம், டிவி மாட்டுகிற ஆணிகளையும் சந்தேகம் உள்ள சுவரில் அடிக்க வேண்டாம். தரையில் நிற்கிற அலமாரி போதும். தகடு எதிர்பாராமல் உடைந்தால் பெருக்கவோ வீட்டு வாக்கூம் போடவோ கூடாது. ஈரமாக்கி, குழந்தைகளை அப்புறப்படுத்தி, உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்கள். கவுன்சில் குப்பைத் தொட்டியில் ஒரு துண்டும் போடக் கூடாது.

பக்கத்து வீட்டோடு பொது வேலி அலைத்தகடாக இருந்தால், சாதாரணமாக அந்தச் செலவு இருவருக்கும் சரிபாதி. 1991ஆம் ஆண்டின் வேலிச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பிடுங்குவதற்கு முன் அவரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். உங்கள் வீட்டு வேலைக்கு அகற்றும் குழு எப்படியும் வரும். அதே நாளில் வேலியையும் எடுத்துவிட்டால் தனியாக ஒரு முறை வரவழைக்கிற கூலி இருவருக்கும் மிச்சம்.